கம்பனி வேலையாய்ப் போகும் பயணம்: செலவு யாருடையது, விழுந்தால் பொறுப்பு யாருடையது?

வாசகியின் கடிதம்:

"வணக்கம் ஐயா. நான் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் திருகோணமலைக் கிளையில் நான்கு வருடமும் ஏழு மாதமுமாக வேலை செய்கிறேன். சம்பளம் 48,000 ரூபாய். பெயரட்டையில் 'எக்சிக்யூட்டிவ்' என்று போட்டிருக்கிறார்கள். கிளையில் இருபது பேர் அளவில் இருக்கிறோம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பு தலைமை அலுவலகத்தில் கூட்டம். சனி இரவு பஸ் ஏறி விடியற்காலை நான்கு மணிக்குப் புறக்கோட்டையில் இறங்கி, கோட்டை ரயில் நிலையத்தில் முகம் கழுவி, எட்டு மணி வரை காத்திருந்து போகிறேன். திங்கள் காலை மறுபடி இங்கே வேலை. பஸ், ஓட்டோ, சாப்பாடு என்று ஒரு தடவைக்கு ஆறாயிரத்துக்குக் குறையாது. கேட்டால் 'பிறகு பார்ப்போம்' என்கிறார்கள். ஒரு பயிற்சிக்கு 10,000 ரூபாய் முற்பணம் தந்தார்கள். எல்லாவற்றுக்கும் பில் கொடுக்கவில்லை என்று முழுத் தொகையையும் போன மாதச் சம்பளத்தில் வெட்டிவிட்டார்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்யும் என் அக்காவுக்குப் பயணப்படி கிடைக்கிறது. எனக்கு ஏன் இல்லை?

கந்தளாய், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வாடிக்கையாளர்களைப் பார்க்க என் சொந்த ஸ்கூட்டியில்தான் போகவேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் மூதூரில் இருந்து திரும்பும்போது கெங்கைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மாடு குறுக்கே வந்ததால் நான் விழுந்து, மணிக்கட்டு முறிந்துவிட்டது. மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். லீவு முடிந்ததும் மிச்ச நாளுக்கு நோ பே (சம்பளமில்லா லீவு) போட்டார்கள். 'உங்கள் ஸ்கூட்டி, உங்கள் பொறுப்பு என்று கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்' என்கிறார் முகாமையாளர். இனிமேல் போகமாட்டேன் என்று சொல்லலாமா? ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்."

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

விபத்தைக் கடிதத்தின் கடைசியில், ஏதோ சின்ன விஷயம் போல எழுதியிருக்கிறீர்கள். நான் அதில் இருந்துதான் தொடங்கப் போகிறேன். பஸ் காசை ஆறு மாதம் கழித்தும் கேட்டு வாங்கலாம். விபத்துக்கான ஆதாரம் அப்படி இல்லை. உங்களைத் தூக்கிவிட்டவர் ஊர் மாறிப் போவார், கைபேசி பழுதாகும், முகாமையாளர் வேறு கிளைக்குப் போய்விடுவார். அதனால் அதை முதலில் கையில் எடுங்கள்.

இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தொழிற்சாலையில் இயந்திரத்தில் கை போனவர்களுக்கு மட்டும் உரிய சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அலுவலகத்தில் இருந்து வேலை செய்கிறவருக்கும் அது பொருந்தும். அந்தச் சட்டம் கேட்பது, வேலையின் போக்கில், வேலையின் காரணமாக விபத்து நடந்ததா என்பதைத்தான். வண்டி யாருடையது என்பது அங்கே தீர்மானமான கேள்வியே இல்லை. மூதூருக்குப் போகச் சொன்னவர் உங்கள் முகாமையாளர். பார்த்தது கம்பனியின் வாடிக்கையாளர்களை. திரும்பி வந்தது கம்பனியின் வேலையை முடித்துக்கொண்டு. போகும் வழி எவ்வளவு வேலையோ, வரும் வழியும் அவ்வளவு வேலைதான்.

2022இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டில் இருந்து வேலைத்தலத்துக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் அப்போது உள்ளே வந்தது. நட்டஈட்டின் உச்சவரம்பும் ஐந்தரை இலட்சத்தில் இருந்து இருபது இலட்சம் ரூபாய் ஆனது. இருபது இலட்சம் என்றதும் உங்கள் மணிக்கட்டுக்கு அவ்வளவும் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அது மேல் எல்லை மட்டும்தான். காயம் நிரந்தரமானதா, தற்காலிகமானதா, சம்பளம் எவ்வளவு என்று பார்த்து, அட்டவணைப்படி தொகை கணிப்பார்கள். கொஞ்சக் காலம் வேலை செய்ய முடியாமல் போனதற்கும் அதில் கொடுப்பனவு உண்டு. உங்களுக்கு நோ பே போட்ட நாட்களைப் பற்றிப் பேசவேண்டிய இடம் அதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். மூதூரில் வேலை முடிந்ததும் நேரே திரும்பினீர்களா, அல்லது தோப்பூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்கு எங்கும் போனீர்களா? சொந்த வேலையாக வழி மாறிப் போயிருந்தால் கம்பனி அதைப் பிடித்துக்கொள்ளும். கெங்கைப் பாலம் நீங்கள் திரும்பி வரவேண்டிய வழியில்தான் இருக்கிறது என்பது உங்களுக்குப் பலம். தலைக்கவசம் போட்டிருந்தீர்களா என்பதையும் கேட்பார்கள். குடிபோதை, வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறியது போன்றவை மட்டுமே தொழில்தருநருக்குத் தப்பிக்க வழி தரும். மாடு குறுக்கே வந்தது உங்கள் குற்றமல்ல. அந்தி நேரத்தில் அந்த வீதியில் மாடுகள் எப்படிப் படுத்துக் கிடக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. "சொந்தப் பொறுப்பில் பயணம் செய்கிறேன்" என்று எழுதி வாங்கிய தாளை நம் ஊரில் பல அலுவலகங்களில் கண்டிருக்கிறேன். பெரிய முத்திரையோடு இருக்கும், பார்த்ததும் பயம் வரும். ஆனால் விபத்து நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஊழியர் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லுபடியாகாது என்று சட்டமே சொல்கிறது. ஏனென்றால் வேலை கேட்டு நிற்கிறவர் எந்தத் தாளிலும் கையெழுத்து வைப்பார் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அந்தத் தாளைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். முடிந்தால் அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த வாரமே செய்யவேண்டியது இதுதான். வைத்தியசாலையின் டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, கிளினிக் புத்தகம், மருந்து வாங்கிய பில் எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள். அன்றைக்கு "மூதூர் போங்கள்" என்று வந்த வட்ஸ்அப் செய்தியைத் திகதி தெரியும்படி படம் எடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். கம்பனி குழுவில் இருந்து உங்களை நீக்கிவிட்டால் அதைத் தேட முடியாது. தூக்கிவிட்டவர்கள், ஓட்டோ பிடித்துத் தந்த கடைக்காரர் யாராவது இருந்தால் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வையுங்கள். பொலிஸில் பதிவு செய்யவில்லை என்றால் இப்போதாவது போய், ஏன் தாமதம் என்ற காரணத்தையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தாமதமான பதிவு பலம் குறைந்ததுதான், ஆனாலும் ஒன்றும் இல்லாததை விட மேல். பிறகு விபத்து நடந்த விதத்தைக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, நட்டஈடு கோருங்கள். கம்பனி மறுத்தால் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்கலாம். இங்குள்ள தொழில் அலுவலகத்தில் கேட்டால் எப்படி அனுப்புவது என்று வழி காட்டுவார்கள்.

ஸ்கூட்டியின் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால், அது நீங்கள் மோதிய ஆளுக்குத்தான். உங்களுக்கோ வண்டிக்கோ சதமும் வராது. முழுக் காப்புறுதி என்றாலும் "சொந்தப் பாவனை" என்று எழுதியிருந்தால், தினமும் வாடிக்கையாளரைப் பார்க்க ஓடுவதை அவர்கள் கேள்வி கேட்கலாம். கம்பனி வேலைக்கு வண்டியைப் பாவிக்கச் சொல்வதென்றால் அந்த மேலதிகக் காப்புறுதிக் கட்டணத்தைக் கம்பனியே கட்டவேண்டும் என்று கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

சரி, இனி அக்காவின் பயணப்படிக்கு வருவோம்.

அக்கா அரச ஊழியர். அரசாங்கத்துக்குத் தாபன விதிக்கோவை என்று ஒன்று இருக்கிறது. அதன் 14ஆம் அத்தியாயம் முழுக்கப் பயணச் செலவு பற்றியது. யார் எந்த வகுப்பில் போகலாம், இரவு தங்கினால் என்ன, சொந்த வாகனத்தில் போனால் என்ன என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். தனியார் துறைக்கு அப்படி ஒரு கோவை இல்லை. "கொழும்புக்குப் போனால் ஊழியருக்கு இத்தனை ரூபாய்" என்று சொல்லும் சட்டத்தைத் தேடினால் கிடைக்காது. நியமனக் கடிதம், கம்பனியின் சுற்றறிக்கை, அந்த அலுவலகத்தில் இதுவரை நடந்துவந்த வழக்கம், இவைதான் அங்கே சட்டம் மாதிரி.

சுனாமிக்குப் பிறகு சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் பல இங்கே அலுவலகம் போட்டிருந்த காலத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாகனம் ஓடிய தூரத்தை எழுதும் லொக் ஷீட், இரவு தங்கினால் படி, பயணத்துக்கு முன் கையெழுத்து வைத்த அனுமதி என்று எல்லாம் அச்சடித்த தாளில் இருந்தது. அந்த நிறுவனங்கள் போனபின் அதே ஆட்கள் தனியார் கம்பனிகளுக்கு வந்தார்கள். பழக்கம் மட்டும் கூட வரவில்லை. இந்த மாவட்டத்துக்கு அது ஒரு நட்டம் என்றே நினைக்கிறேன்.

எழுத்தில் இல்லை என்பதற்காகச் செலவு உங்கள் தலையில் என்று ஆகிவிடாது. ஒருவர் சொல்லி, அவருடைய காரியத்துக்காக நீங்கள் கைக்காசைச் செலவழித்தால், அவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்பது நம் பொதுச் சட்டத்தில் மிகப் பழைய கொள்கை. வீட்டில் இருந்து உங்கள் கிளைக்கு வரும் பஸ் காசு உங்களுடையது. கிளையில் இருந்து கொழும்புக்கு அனுப்பினால் அந்தக் காசு கம்பனியுடையது. இதைப் பிச்சை கேட்பது போலக் கேட்க வேண்டாம். நீங்கள் கம்பனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதைத் திருப்பிக் கேட்கிறீர்கள்.

முதலில் நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். அது ஆங்கிலத்தில் இருக்கும், வேலை கிடைத்த மகிழ்ச்சியில் கையெழுத்து வைத்திருப்பீர்கள், அநேகமாக எல்லோரும் அப்படித்தான். தெரிந்த ஒருவரை வைத்து வரிக்கு வரி தமிழில் எழுதுங்கள். "கம்பனி பணிக்கும் எந்த இடத்திலும் வேலை செய்யவேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறதா? "பயணச் செலவு மீளளிக்கப்படும்" என்று இருக்கிறதா? மாதாந்தப் பயணக் கொடுப்பனவு ஒன்று ஏற்கனவே சம்பளச் சிட்டையில் இருக்கிறதா? இருந்தால் கம்பனி "அதற்குள் எல்லாம் அடக்கம்" என்று சொல்லக்கூடும். அந்தக் கொடுப்பனவு எதற்கு என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

பில் விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் மாறவேண்டும். இதைச் சொல்லத்தான் வேண்டும். முற்பணம் வாங்கினால் கணக்குக் கொடுப்பது ஊழியரின் கடமை. பயணம் முடிந்த இரண்டு மூன்று நாளுக்குள், செலவழித்ததற்கு ஆதாரமும் மிச்சக் காசும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். இரவு பஸ்ஸில் நடத்துநர் தரும் அந்த மெல்லிய டிக்கெட் ஒரு மாதம் பையில் கிடந்தால் எழுத்து அழிந்து வெள்ளைத் தாளாகிவிடும். இறங்கிய உடனே கைபேசியில் படம் எடுங்கள். கொழும்பில் ஓட்டோவைப் பிக்மீ செயலி மூலம் எடுத்தால் பற்றுச்சீட்டு தானாகவே வரும். நம் ஊர் ஓட்டோவில் அது இல்லை என்றால் ஒரு கொப்பியில் திகதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று அன்றைக்கே எழுதி, மாதக் கடைசியில் முகாமையாளரிடம் ஒப்பம் வாங்குங்கள். ஸ்கூட்டியில் போகும் நாளில் புறப்படும்போதும் திரும்பியதும் கிலோமீற்றர் மானியைப் படம் எடுங்கள். கந்தளாய்க்கு ஒரு வழி சுமார் 40 கிலோமீற்றர். போய்வந்தால் 80. பெற்றோல் மட்டுமா போகிறது? டயர் தேய்கிறது, ஒயில் மாற்றும் நாள் முந்தி வருகிறது, சேர்விஸ் செலவு ஏறுகிறது. அதனால் லீற்றர் கணக்கில் கேட்காமல் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று ஒரு விகிதம் கேளுங்கள்.

இல்லாத செலவை மட்டும் எழுதிவிடாதீர்கள். சாதாரண பஸ்ஸில் போய் ஏ.சி. பஸ் என்று எழுதுவது, தோழியின் வீட்டில் தங்கி விடுதி பில் வைப்பது எல்லாம் ஐந்நூறு ரூபாயானாலும் நம்பிக்கைத் துரோகமாகப் பார்க்கப்படும். பல வருடம் நல்ல பெயர் எடுத்தவர்கள் ஒரு பொய் வவுச்சரில் வேலை இழந்திருக்கிறார்கள். அதன்பின் எந்தச் சட்டத்தரணி வந்தாலும் காப்பாற்றுவது கஷ்டம்.

ஆனால் கம்பனி செய்ததும் சரியல்ல. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி உங்கள் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் கைவைக்க முடியாது. சட்டம் அனுமதித்த கழிவுகள் வேறு, "பில் தரவில்லை" என்று பத்தாயிரத்தையும் ஒரே மாதத்தில் வெட்டுவது வேறு. பயிற்சிக்குப் போனீர்கள் என்பது வரவுப் பதிவில் இருக்கிறது. திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு சுமார் 260 கிலோமீற்றரை யாரும் செலவில்லாமல் கடக்க முடியாது. இருக்கும் பில்களைக் கொடுத்து, இல்லாதவற்றுக்கு விளக்கம் எழுதி, வெட்டிய தொகையைத் திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது நேரம். காசை விட இதைத்தான் நம் ஆட்கள் சும்மா விட்டுவிடுகிறார்கள். அதே கடை, அலுவலக ஊழியர் சட்டம் (1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம்) சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வைத்திருக்கிறது. சாப்பாட்டு இடைவேளை இதற்கு வெளியே. வாரத்துக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு ஓய்வு. உங்களுக்கு ஞாயிறு முழுநாள் ஓய்வு என்றால், கொழும்புக் கூட்டம் அதைத் தின்றுவிடுகிறது. 45 மணிக்கு மேல் போன நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்தால் ஒரு மணி நேரக் கூலி வரும். உங்கள் 48,000 ரூபாய்க்கு அது 200. ஒன்றரை மடங்கு 300. ஆறு மணி நேரக் கூட்டம் ஒன்றுக்கு 1,800 ரூபாய். பௌர்ணமி தினத்தில் வேலை வாங்கினால் அதற்குத் தனியாகவே ஒன்றரை நாள் சம்பளம் என்பது விடுமுறைகள் சட்டத்தில் இருக்கிறது.

"நீங்கள் எக்சிக்யூட்டிவ், ஓவர்டைம் கிடையாது" என்பார்கள். உண்மையாகவே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மேலதிக நேர விதி பொருந்தாது என்பது சரிதான். ஆனால் பெயரட்டையில் அச்சடித்தால் மட்டும் ஒருவர் நிர்வாகியாகிவிடுவாரா? உங்களுக்குக் கீழே யாராவது வேலை செய்கிறார்களா, கடன் அனுமதிக்க, லீவு கொடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா, வரவுக்குக் கைவிரல் வைக்கிறீர்களா என்று பார்க்கவேண்டும். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நின்று தவணை கேட்கிறவரை நிர்வாகி என்று சொல்வதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். தொழில் அதிகாரியிடம் இதை நிச்சயமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் இருந்த நேரம் வேலை நேரம், அதில் சந்தேகமில்லை. இரவு முழுதும் பஸ்ஸில் இருந்த நேரம்? அதை நம் சட்டம் ஒரே வரியில் தீர்த்து வைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015இல் ஒரு ஸ்பானிய வழக்கில், நிலையான அலுவலகம் இல்லாமல் வாடிக்கையாளர் இடங்களுக்கே போய் வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளர்கள் வீட்டில் இருந்து முதல் வாடிக்கையாளரிடம் போகும் நேரமும், கடைசி வாடிக்கையாளரிடம் இருந்து வீடு திரும்பும் நேரமும் வேலை நேரமே என்று தீர்ப்பளித்தது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதில் உள்ள நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும்: பயணம் உங்கள் விருப்பத்துக்கு இல்லை, அந்த நேரத்தை உங்கள் விருப்பப்படி செலவழிக்கவும் முடியாது. நீங்கள் கிளையில் இருந்து மூதூருக்கும் கந்தளாய்க்கும் வேலை நேரத்தில் ஓடும் நேரத்தை யாரும் குறைக்க முடியாது. இரவு பஸ்ஸுக்குப் பணம் கேட்டுச் சண்டை பிடிப்பதை விட, திங்கட்கிழமை மாற்று ஓய்வு கேளுங்கள். இரண்டு இரவு பஸ்ஸில் இருந்துவிட்டு வந்தவரைக் காலையில் ஸ்கூட்டியில் அனுப்புவது ஆபத்து என்பது எந்த முகாமையாளருக்கும் விளங்கும். பெரும்பாலும் முதலில் கிடைப்பதும் இதுதான்.

விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பெண்பிள்ளை புறக்கோட்டையில் தனியே இறங்கி நான்கு மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்பதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கடைகளிலும் அலுவலகங்களிலும் பெண்களை இரவு 8 மணிக்குப் பின் வேலையில் வைப்பதற்கே சட்டம் கட்டுப்பாடு விதித்திருக்கிறது, சில துறைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பயணம் வேறு, வேலை வேறு என்று கம்பனி வாதாடலாம். வாதாடட்டும். நீங்கள் கேட்கவேண்டியது, சனிக்கிழமை பகல் பயணமும் ஒரு பாதுகாப்பான இடத்தில் தங்குமிடமும், அல்லது கூட்டத்தைக் காணொளியில் நடத்துவதும். கொரோனாக் காலத்தில் இதே கூட்டங்கள் ஸூமில் நடந்தனதானே. பஸ்ஸிலோ, அதிகாரியின் காரிலோ, தங்குமிடத்திலோ யாராவது தொல்லை கொடுத்தால் அது தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். வேலைப் பயணம் என்பதால் அது பொறுத்துப்போக வேண்டிய ஒன்றாகிவிடாது. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

"இனிமேல் போகமாட்டேன் என்று சொல்லலாமா?" என்று கேட்டீர்கள். அப்படி வெறுமையாகச் சொல்லாதீர்கள். சட்டபூர்வமான, நியாயமான பணிப்பைக் கேட்டு நடப்பது ஊழியரின் கடமை. உங்கள் வேலையே வாடிக்கையாளரைப் பார்ப்பது என்றால், போக மறுப்பதைக் கீழ்ப்படியாமை என்று சொல்லி ஒழுக்காற்று விசாரணை வைக்க அவர்களுக்குக் கதவு திறந்துவிடுவீர்கள். போகிறேன், இன்ன வசதி வேண்டும் என்று எழுதுங்கள். மறுப்பது ஒன்று, நிபந்தனை கேட்பது இன்னொன்று. உடலுக்கு முடியாமல் இருப்பது, வண்டி ஓடத் தகுதியில்லாமல் இருப்பது, வெள்ளத்தில் வீதி மூடியிருப்பது போன்ற உண்மையான ஆபத்து இருந்தால் மட்டும், காரணத்தை எழுதி அன்றைய பயணத்தை மறுக்கலாம்.

ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். கோபத்தில் எழுதியது என்பது தெரிகிறது. பணிக்கொடைச் சட்டம் (1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் தரச் சொல்கிறது. உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. இன்று போனால் ஒரு இலட்சத்துக்கு மேல் விட்டுவிட்டுப் போகிறீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் ஒழுங்காகப் போகிறதா என்பதையும் இந்தச் சாட்டோடு பார்த்துவிடுங்கள்.

கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்துவார்களோ என்று பயப்படுகிறீர்கள் என்பது வரிகளுக்கு இடையில் தெரிகிறது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஒழுக்காற்றுக் காரணம் காட்டி நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டால் நல்ல வழக்கும் வீணாகும்.

இப்போது எழுதவேண்டிய கடிதத்தைச் சொல்கிறேன். மின்னஞ்சலில் அனுப்புங்கள், முகாமையாளரோடு மனிதவளப் பிரிவுக்கும் பிரதி வையுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"கம்பனியின் பணிப்பின் பேரில் இன்ன திகதிகளில் கொழும்புக்கும், இன்ன திகதிகளில் மூதூர், கந்தளாய், கிண்ணியாவுக்கும் பயணம் செய்தேன். செலவு விபரமும் கிடைத்த பற்றுச்சீட்டுகளும் இணைக்கப்பட்டுள்ளன. இவற்றை மீளளிக்குமாறும், என் சம்பளத்தில் சம்மதமின்றிக் கழித்த 10,000 ரூபாயைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருமாறும் கேட்கிறேன். இன்ன திகதியில் கடமையில் இருந்து திரும்பும் வழியில் எனக்கு விபத்து ஏற்பட்டது. அதற்குரிய நட்டஈட்டைக் கோருகிறேன். இனிவரும் பயணங்களுக்கு முற்பணம், கிலோமீற்றர் விகிதம், தங்குமிடம், கூட்டத்துக்கு மறுநாள் ஓய்வு ஆகியவற்றை எழுத்தில் அறியத்தாருங்கள். என் கடமைகளைத் தொடர்ந்து செய்யத் தயாராக இருக்கிறேன்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு விசாரணை ஒன்று வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் திருகோணமலை மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை, வேலையில் இருந்துகொண்டே செய்யலாம், தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், அனுப்பிய மின்னஞ்சலின் பிரதி, விபத்து பைல் ஆகியவற்றைப் பிரதியாகக் கொடுத்து மூலத்தை நீங்களே வைத்திருங்கள். அவர்கள் கம்பனியையும் அழைத்து விசாரிப்பார்கள். கிளையில் உங்களைப் போலப் பயணம் போகிறவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களிடமும் பேசிப் பாருங்கள். மூன்று பேர் சேர்ந்து எழுதினால் தலைமை அலுவலகம் அதை ஒருவரின் முறைப்பாடாகத் தள்ளிவிட முடியாது.

அதற்கு முன் ஒன்று. மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அடுத்த கிளினிக்கில், நீண்ட தூரம் ஸ்கூட்டி ஓடலாமா, எப்போதிருந்து ஓடலாம் என்று வைத்தியரிடம் எழுத்தில் வாங்கி அலுவலகத்தில் கொடுங்கள். அதுவரை மூதூருக்குப் போவதென்றால் பஸ்ஸிலோ கம்பனி ஏற்பாடு செய்யும் வாகனத்திலோதான் என்று சொல்லுங்கள்.